குருதியின் காவல்

பழனி மலைத்தொடரின் மேற்புறத்தே சோலைக்காடுகள் பல உள. மழைக்காலத்தில் அக்காடுகளின் வழியே நடப்போர்க்கு ஓர் அழையா விருந்து தவறாமல் வந்து வாய்க்கும். ஈரச் சருகுகளின் இடையே நூலிழை போல நிமிர்ந்து நின்று, காலடியின் அதிர்வை எதிர்நோக்கித் தலையை இப்புறமும் அப்புறமும் அசைத்துக்கொண்டிருக்கும் அட்டையே அவ்விருந்து. மலைவாழ் மக்கள் உப்பையும் புகையிலை நீரையும் காலிற் பூசிக்கொண்டு நடப்பர். அஃதறியாத வெளியூரார், விடுதிக்குத் திரும்பிக் காலணியைக் கழற்றும்போதுதான் காலுறை செந்நீரால் நனைந்திருப்பதைக் காண்பர். அட்டை எப்போதோ வயிறு நிறைந்து கீழே விழுந்திருக்கும். கடிவாயோ மிகச் சிறிதாய் இருக்கும். எனினும் துடைக்கத் துடைக்கக் குருதி கசிந்துகொண்டே இருக்கும். சிலர்க்கு அது நிற்பதற்குச் சில மணி நேரமும் ஆகும்.

அதே மனிதர் அன்று காலை முகம் மழிக்கும்போது கத்தி பட்டுக் கன்னத்தில் கீறல் உண்டாகியிருந்தால், அக்குருதி ஐந்தாறு நிமிடங்களில் தானே நின்றிருக்கும். பெரிய கீறல் விரைவில் அடைபடச் சிறிய கடிவாய் அடைபடாதிருப்பது ஏன்? அட்டை தன் உமிழ்நீரோடு ஒரு பொருளைக் காயத்தில் விட்டுச் செல்கிறது. அப்பொருள் குருதியை உறையவிடாமல் தடுக்கிறது. மருத்துவர் பயன்படுத்தும் நீரட்டையிடம் இத்தகைய பொருள் உண்டென்பதை 1884-ஆம் ஆண்டில் ஜான் ஹேகிராப்ட் என்னும் அறிஞர் கண்டார். பின்னர் அதற்கு 'ஹிருடின்' என்று பெயர் வழங்கலாயிற்று.

காயத்தில் குருதி நிற்பதை நாம் இயல்பாகக் கருதி விட்டுவிடுகிறோம். அது தானே நிகழ்வதன்று. குழாய்க்குள் ஓடும்போது உறையாமல் இருப்பதும், குழாய் உடைந்த இடத்தில் உடனே உறைவதும் ஆகிய இரண்டும் நம் உடல் இராப்பகலாகச் செய்துவரும் வேலைகளாம். அவ்வேலையில் அட்டை செய்யும் குறும்பு சிறிது. வைரஸ் எனப்படும் நச்சுயிர்கள் சில செய்யும் கேடோ உயிரையே கொண்டுபோக வல்லது. அக்கேட்டை அறிவதற்கு முன்னர், கேடில்லாதபோது நிகழ்வது யாதென அறிதல் வேண்டும்.

கொடைக்கானல் ஏரி இயற்கையாய் அமைந்ததன்று. மதுரை மாவட்ட ஆட்சியராய் இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு 1863-ஆம் ஆண்டில் ஓடைநீரை மறித்துக் கரையிட்டு அதனை ஆக்கினார். கரையிட்ட நீர்நிலை எதற்கும் உடைப்பு என்னும் அச்சம் உண்டு. ஊர் ஏரியில் உடைப்பெடுத்தால் மக்கள் என்ன செய்வர்? முதலில் மதகைத் திருகி நீர்வரத்தைக் குறைப்பர். அடுத்து, கைக்குக் கிடைத்த கல்லையும் மண்மூட்டையையும் உடைப்பில் தள்ளுவர். அவை நீரோடு அடித்துச் செல்லப்படாதவாறு தழையும் கொடியும் இட்டுப் பின்னுவர். குருதிக் குழாயின் உடைப்பும் இவ்வாறே அடைபடுகிறது. உடைந்த குழாய் முதலில் தானே சுருங்குகிறது. உடனே தட்டணுக்கள் ஓடிவந்து உடைப்பின் வாயில் ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டிக்கொள்கின்றன. தட்டணு என்பது மிகச் சிறிய துணுக்கு. நானூறு தட்டணுக்களை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் 1½ இலட்சம் முதல் 4½ இலட்சம் வரை அவை இருத்தல் இயல்பு. எலும்பின் உள்ளே இருக்கும் மச்சையில் பிறந்து, எட்டுப் பத்து நாள்களே வாழ்ந்து, அவை மடிகின்றன.

தட்டணுக்கள் அடைப்பின் கற்கள், பின்னல் வேறொன்று. குருதிநீரில் 'பைப்ரினோஜென்' என்னும் புரதம் கரைந்து கிடக்கிறது. காயம் பட்டபோது அஃது இழை இழையாய்த் திரண்டு 'பைப்ரின்' என்னும் வலையாகிறது. அவ்வலையில் சிவப்பணுக்களும் சிக்கிக்கொள்ள, காயத்தின்மேல் நாம் காணும் செந்நிறக் கட்டி உண்டாகிறது. பால் தயிராவதையும் உறைதல் என்கிறோம்; குருதி கட்டியாவதையும் உறைதல் என்கிறோம். இச்சொல்லாட்சி பொருத்தமுடையதே. பாலுக்குப் பிரை ஊற்றுவது போல, குருதிக்கும் 'திராம்பின்' என்னும் பிரை ஒன்று உண்டு. ஆனால் உவமை முற்றும் பொருந்திவிடாது. பாலுக்குப் பிரையை வெளியிலிருந்து இடுகிறோம். குருதிக்கோ பிரை உள்ளேயே உறங்கிக் கிடக்கிறது. காயம் பட்டால் ஒரு பொருள் மற்றொன்றை எழுப்ப, அது வேறொன்றை எழுப்ப, இறுதியில் திராம்பின் எழுகிறது. இவ்வாறு அடுத்தடுத்து எழுப்பும் பொருள்களுட் பெரும்பாலானவற்றை ஆக்கித் தருவது கல்லீரல். அவற்றுட் சில செம்மையாக அமைவதற்குக் கீரையில் மிகுந்துள்ள 'கே' வைட்டமின் வேண்டும்.

எழுப்புவார் இருந்தால் மட்டும் போதாது, அடக்குவாரும் வேண்டும். விரல்நுனியில் தொடங்கிய உறைதல் நெஞ்சுவரை பரவுமாயின் மனிதன் பிழைப்பது எங்ஙனம்? ஆகவே குருதிக் குழாயின் உட்புறத்தே மெல்லிய விரிப்புப் போல் அமைந்த உயிரணுப் படலம், உறைதலைத் தடுக்கும் பொருள்களை ஓயாது சுரந்துகொண்டிருக்கிறது. காயம் ஆறிய பின்னர்ப் பைப்ரின் வலையை அறுத்துக் கரைக்கும் பொருளும் உண்டு. இப்படலத்தை மறவாது நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் நிகழும் கேடுகள் பெரும்பாலும் இதன்மேல்தான் நிகழ்கின்றன.

இனி அழற்சி என்பது யாது? அழல் என்பது நெருப்பு. முள் தைத்த விரல் மறுநாள் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, நோகிறது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்னும் ரோமானியர் இந்நான்கனையும் அழற்சியின் அடையாளங்களாக வகுத்துரைத்தார். அழற்சி நோயன்று; நோயை எதிர்க்கும் போர். கேடு புகுந்த இடத்திலுள்ள அணுக்கள் சில செய்திப்பொருள்களை வெளியிடுகின்றன. அவை குழாய்களை விரியச் செய்கின்றன; படலத்தின் அணுக்களிடையே சிறு வழிகளைத் திறக்கின்றன. அவ்வழியே வெள்ளணுக்கள் வெளியேறிப் பகையைச் சூழ்கின்றன. விரல் வீங்குவது அவ்வழியே கசிந்த நீரால்.

குருதி உறைதலும் அழற்சியும் வெவ்வேறு வேலைகள் போலத் தோன்றினும், அவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. கடற்கரை மணலில் ஒதுங்கும் குதிரைலாட நண்டு என்னும் உயிரியிடம் இவ்வுறவு வெளிப்படையாய் விளங்கும். அதன் நீலநிறக் குருதியில் சிறிதளவு பாக்டீரியா நஞ்சு கலந்தாலும் அக்குருதி உடனே கூழாகி, புகுந்த பகையை அங்கேயே சிறைப்படுத்திவிடும். பிரெடரிக் பாங் என்னும் அறிஞர் 1956-இல் இதனை எடுத்துரைத்தார். நம் உடலிலும் தட்டணுக்கள் வெள்ளணுக்களைத் தூண்டுகின்றன. அழற்சியின் செய்திப்பொருள்கள் உறைதலைத் தூண்டுகின்றன. ஒன்று நிலைகெட்டால் மற்றொன்றும் நிலைகெடுதற்கு இவ்வுறவே காரணம்.

காய்ச்சலுக்கும் பழனி மலைக்கும் உள்ள தொடர்பு பழையது. மதுரையில் பணியாற்றிய அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் சமவெளியின் காய்ச்சல்களுக்கு ஆற்றாது முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தனர். காய்ச்சல் அங்கும் விடவில்லை. பின்னர் 1845-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானலில் இரண்டு வீடுகள் கட்டிக் குடியேறினர். அவ்வூரின் தொடக்கம் அதுவே. அவர்கள் அஞ்சி ஓடிய காய்ச்சல்களுள் முதன்மையானது மலேரியா. அதனைத் தருவது வைரஸ் அன்று, வேறொரு நுண்ணுயிர். கொசுவின் வயிற்றில் அந்நுண்ணுயிர் வளர்வதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897-ஆம் ஆண்டில். ஆதலின் 1845-இல் மலையேறியவர்கள் தாம் எதற்குத் தப்பினோம் என்பதை அறியார். மலைக்காற்றே மருந்தென நம்பினர். காரணம் பிழை, பயன் மெய். கொசுவுக்குக் குளிர் ஆகாது என்பதே அவர்களைக் காத்தது.

இன்று அம்மலையடிவாரத்து ஊர்களை அச்சுறுத்தும் காய்ச்சல் டெங்கு. இதனைத் தருவது வைரஸே. தட்டணுவின் குறுக்களவில் ஐம்பதில் ஒரு பங்கே அதன் பருமன். டெங்குவை ஒத்த காய்ச்சல் 1780-ஆம் ஆண்டிலேயே சென்னையில் பரவியதாகக் குறிப்புண்டு. அக்காலத்து அஃது எலும்பை முறிப்பது போன்ற வலியைத் தந்து விட்டுச்செல்லும் காய்ச்சலாகவே அறியப்பட்டது. குருதிப்போக்கோடு கூடிய கொடிய வடிவம் மணிலா நகரில் 1953, 1954 ஆண்டுகளிலும், கல்கத்தாவில் 1963-ஆம் ஆண்டிலும் பெருவாரியாய்த் தோன்றி மருத்துவ உலகைத் திடுக்கிடச் செய்தது. தமிழகத்தில் 2012-ஆம் ஆண்டு திருநெல்வேலி மாவட்டம் பெரிதும் துன்புற்றது. அவ்வாண்டில் மாநிலமெங்கும் 12,000-க்கு மேற்பட்டோர் இந்நோயுற்றனர். அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர் என்று அரசுக் கணக்கு கூறுகிறது.

ஏடிஸ் என்னும் கொசு இதனைப் பரப்புகிறது. உடலிலும் காலிலும் வெண்கோடுகள் உடைய அது, சாக்கடையை நாடுவதில்லை. குடிநீர்த் தொட்டி, பூந்தொட்டியின் அடித்தட்டு, தேங்காய்ச் சிரட்டை, எறிந்த டயர் ஆகியவற்றில் தேங்கிய தெளிந்த நீரே அதற்குப் பிடித்தமானது. பகலில் கடிக்கும் இயல்பினது; ஆதலின் இரவில் மட்டும் கொசுவலை கட்டுவோர் ஏமாந்துபோவர். அதன் முட்டை நீரின்றி உலர்ந்தும் பல மாதம் அழியாதிருந்து, மழைநீர் பட்டவுடன் பொரிக்கும். கொடைக்கானல் உச்சியின் குளிர் அதற்கு உகந்ததன்று. வைரஸுக்கும் உகந்ததன்று, கொசுவின் உடலில் வைரஸ் பெருகி உமிழ்நீரை அடைவதற்கு 25 முதல் 28 பாகை வெப்பத்தில் எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும், குளிரில் இன்னும் நெடுநாள் ஆகும். கொசுவின் வாழ்நாளோ சில வாரமே. ஆயினும் கொசு ஏறாத மலைக்கு மனிதன் ஏறுகிறான். கடியுண்ட நான்கு முதல் பத்து நாள் கழித்தே காய்ச்சல் தோன்றுமாகையால், வத்தலக்குண்டிலோ மதுரையிலோ பெற்ற நோயை அறியாமலே சுமந்துகொண்டு ஒருவர் மலையுச்சியை அடைதல் கூடும்.

மலைச்சரிவில் பண்ணைக்காட்டை அடுத்த ஒரு சிற்றூரில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருப்பதாகக் கொள்வோம். விடுமுறையில் திண்டுக்கல்லில் உள்ள தன் மாமன் வீட்டில் ஒரு கிழமை தங்கித் திரும்புகிறான். வந்த மூன்றாம் நாள் கடுங்காய்ச்சல் காண்கிறது. கண்ணின் பின்புறம் வலிக்கிறது, மூட்டெல்லாம் நோகிறது, உணவு வேண்டாம் என்கிறான். நான்காம் நாள் காலை காய்ச்சல் இறங்குகிறது. அவனுடைய ஆத்தா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "உடம்பு குளிர்ந்துவிட்டது, தாயி, இனிப் பயமில்லை. நீ காப்பித் தோட்டத்து வேலைக்குப் போ" என்று மருமகளிடம் கூறுகிறாள். மற்றக் காய்ச்சல்களுக்கு அம்மூதாட்டியின் சொல் பொருந்தும். டெங்குக் காய்ச்சலிலோ இடர் மிகுந்த காலம் தொடங்குவதே அப்போதுதான்.

அச்சிறுவனின் உடலுக்குள் அந்நான்கு நாள்களில் நிகழ்ந்தது யாது? வைரஸ் முதலில் மச்சையைத் தளரச் செய்ததால் புதிய தட்டணுக்கள் பிறப்பது குறைந்தது. பிறந்தவற்றுட் பல, எதிர்ப்பொருள்களால் பகையென்று பிழையாகக் கருதப்பட்டு அழிந்தன. வேறு பல, குழாய்ச் சுவரில் ஒட்டி வீணாயின. ஆதலின் எண்ணிக்கை இலட்சத்திற்குக் கீழ் இறங்கிற்று. சிலர்க்கு இருபதாயிரத்திற்கும் கீழே இறங்கும். கல்லீரலும் தாக்குண்டமையால் உறைதற்குரிய பொருள்களின் வரத்தும் குறையும். ஈறில் கசிவு, மூக்கில் ஒழுக்கு, தோலில் செம்புள்ளி ஆகியவை இவற்றின் விளைவு.

எனினும் உயிரைக் கொள்வது பெரும்பாலும் இக்குருதிப்போக்கு அன்று. வைரஸ் தாக்கிய அணுக்கள் 'என். எஸ். 1' என்னும் ஒரு புரதத்தைக் குருதியிற் கலக்கவிடுகின்றன. அது குழாயின் உட்படலத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய பூச்சை அரிக்கிறது. அழற்சியின் செய்திப்பொருள்களோ அளவின்றிப் பெருகிப் படலத்தின் வழிகளையெல்லாம் ஒருங்கே திறந்துவிடுகின்றன. விரலில் முள் தைத்தபோது ஓரிடத்தில் நிகழ்ந்த கசிவு, இப்போது உடலெங்கும் நிகழ்கிறது. குருதியின் நீர்ப்பகுதி குழாயை விட்டு வெளியேறி, நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் தேங்குகிறது. ஒரு துளி செந்நீரும் வெளியே சிந்தாமலே குழாய்கள் வறள்கின்றன. உள்ளே எஞ்சிய குருதி கெட்டியாகிறது, நாடி மெலிகிறது, கைகால் குளிர்கின்றன. "உடம்பு குளிர்ந்துவிட்டது" என்று மூதாட்டி மகிழ்ந்தாளன்றோ? அக்குளிர்ச்சி காய்ச்சல் தணிந்ததால் வந்ததோ, நாடி மெலிந்ததால் வந்ததோ என்று தொட்ட கைக்குத் தெரியாது.

பொதுமக்கள் தட்டணு எண்ணிக்கையையே கேட்டுக் கலங்குகின்றனர். செய்தித்தாள்களும் அதனையே பெரிதுபடுத்துகின்றன. மருத்துவரோ மற்றோர் அளவையும் கண்ணிமை போற் காத்துப் பார்ப்பர். குருதியில் அணுக்கள் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதே அவ்வளவு. நூற்றுக்கு நாற்பது பங்கு இருந்தது நாற்பத்தெட்டாகுமாயின், அணுக்கள் பெருகிவிட்டன என்பது பொருளன்று. நீர் வெளியேறிவிட்டது என்பதே பொருள். அப்போது குழாய்வழியே உப்புநீரை அளந்து ஏற்றுவர். அளந்து என்பது இன்றியமையாதது. குறைந்தால் குழாய் வறளும். மிகுந்தால் கசிந்த நீர் நுரையீரலை அடைத்துவிடும். கொடிய டெங்கு உற்றோர் மருத்துவம் இன்றிவிடப்பட்டால் நூற்றுக்கு இருபதின்மர் வரை இறத்தல் கூடும். முறையாகக் கவனிக்கப்பட்டால் நூற்றுக்கு ஒருவர்கூட இறப்பதில்லை. இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது அரிய மருந்து ஏதுமன்று. உப்புநீரும் உறங்காத செவிலியுமே.

நம் கதையில் வரும் தாய் தோட்டத்திற்குப் போகவில்லை. சிறுவன் வயிறு வலிக்கிறதென்று சுருண்டு படுத்ததும், இருமுறை வாந்தி எடுத்ததும் அவளுக்கு ஐயத்தை உண்டாக்கின. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலி, "எப்போதிருந்து சிறுநீர் கழிக்கவில்லை, அக்கா?" என்று கேட்டாள். "நேற்று இரவிலிருந்து" என்ற விடையைக் கேட்டதும் அவள் வண்டிக்குச் சொல்லி அனுப்பினாள். தீராத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் குருதி, மயக்கம் போன்ற சோர்வு, சிறுநீர்க் குறைவு ஆகியவை தோன்றிய பின்னர் மலைமேல் காத்திருத்தல் தகாது. வளைவுகள் மிகுந்த மலைப்பாதையில் இறங்கித் திண்டுக்கல்லையோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனையையோ அடைவதற்கு ஆகும் மணி நேரத்தையும் கணக்கிற் சேர்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

வீட்டில் இருக்கும் மாத்திரையைப் பற்றியும் கூறவேண்டும். உடல்வலிக்கு ஆஸ்பிரின் தருவது சிலர் வழக்கம். அது தட்டணுக்களை ஒட்டவிடாமற் செய்வது. நெஞ்சடைப்பு உற்றோர்க்கு அதனாலேயே அது மருந்தாகிறது. தட்டணு குறைந்திருக்கும் டெங்குவில் அதனைத் தருவது, உடைந்த கரையிலிருந்து கல்லைப் பெயர்ப்பதாகும். இபுபுரூபனும் அத்தகையதே. பாராசிட்டமால் அளவோடு தரலாம். நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச்சாறும் மக்கள் விரும்பி அருந்துபவை. அவற்றை நம்பி மருத்துவமனைக்குச் செல்லும் நேரத்தைத் தவறவிடுவோர்தாம் இரங்கத்தக்கவர்.

டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒருவகையால் நோயுற்றுத் தேறியவனை அவ்வகை மீண்டும் தாக்காது. வேறுவகை தாக்கினால் நோய் முன்னினும் கொடிதாதல் உண்டு. முதல் நோயில் உண்டான எதிர்ப்பொருள் இரண்டாம் வகையைப் பற்றும், ஆனால் கொல்லாது. பற்றியவாறே அதனை வெள்ளணுவிற்குள் கொண்டு சேர்க்கும். காவலன் கள்வனைப் பிடித்து, கட்டாமல் கருவூலத்திற்குள்ளேயே விட்டதுபோலாயிற்று. 'ஒருமுறை வந்தது, இனி வராது' என்று அம்மைக்குச் சொல்லும் சொல்லை டெங்குவிற்குச் சொல்லலாகாது.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கே உரிய குருதிப்போக்குக் காய்ச்சல் ஒன்றும் உண்டு. 1957-ஆம் ஆண்டில் மைசூர் நாட்டுச் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்து விழுந்தன. அக்காட்டில் விறகு பொறுக்கச் சென்ற ஊரார்க்கும் காய்ச்சல் கண்டது. பூனாவில் இருந்த வைரஸ் ஆய்வு நிலையத்தார் அங்குச் சென்று, உண்ணிகள் பரப்பும் ஒரு புதிய வைரஸைக் கண்டு, அக்காட்டின் பெயரையே அதற்கு இட்டனர்.

இதுவரை கூறியவை குருதியைக் கசியவிடும் வைரஸ்கள். இதற்கு நேர்மாறானதை உலகம் 2020-இல் கண்டது. அவ்வாண்டு சனவரி 30-ஆம் நாள் இந்தியாவின் முதற் கொரோனா நோயாளி கேரளத்துத் திருச்சூரில் கண்டறியப்பட்டார். மார்ச்சில் தமிழகத்திலும் நோய் தோன்றியது. கொடைக்கானல் ஏரிப் படகுகள் அக்கோடை முழுதும் கரையிற் கட்டிக் கிடந்தன. குளிருக்குக் கொசு அஞ்சும். மூச்சுக்காற்றில் வருவது அஞ்சுமோ? 1845-இல் மக்களைக் காத்த உயரம் இம்முறை காக்கவில்லை.

நுரையீரல் நோயென்று முதலில் எண்ணப்பட்ட அதில், இறந்தோரின் உடலை அறுத்து ஆய்ந்த அறிஞர் நுரையீரலின் நுண்குழாய்களில் சிறுசிறு உறைகட்டிகள் நிறைந்திருப்பதைக் கண்டனர். அவ்வைரஸும் அது மூட்டிய அழற்சியும் குழாயின் உட்படலத்தைப் புண்படுத்திவிட்டன. உறைதலைத் தடுக்க வேண்டிய படலமே உறைதலைத் தூண்டும் களமாயிற்று. காலின் குழாயில் உண்டான கட்டி பெயர்ந்து சென்று நுரையீரற் குழாயை அடைத்ததும் உண்டு. மூளைக் குழாயை அடைத்துப் பக்கவாதம் விளைத்ததும் உண்டு. பைப்ரின் வலை கரையும்போது வெளிப்படும் துணுக்கு 'டி-டைமர்' எனப்படும். அது குருதியில் மிகுந்திருந்தால், உள்ளே எங்கோ உறைதல் மிகுதியாய் நடைபெறுகிறது என்று மருத்துவர் ஐயுற்றனர்.

உறைதலுக்கு அவர்கள் தந்த மருந்து ஹெப்பாரின். ஜே மெக்லீன் என்னும் மருத்துவ மாணவர் குருதியை உறையச் செய்யும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தபோது, 1916-இல், அதனைத் தடுக்கும் பொருளைக் கண்டார். அவர் தேடியது ஒன்று, கிடைத்தது அதற்கு மாறானது. கல்லீரலிலிருந்து எடுத்தமையால் கிரேக்க மொழியில் கல்லீரலைக் குறிக்கும் சொல்லே அதற்குப் பெயராயிற்று. அழற்சியைத் தணிக்கப் பயன்பட்டது டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான பழைய மருந்து. மூச்சுக் கருவியில் இருந்த நோயாளிகளின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்ததென 2020-ஆம் ஆண்டு சூன் திங்களில் ஆக்ஸ்போர்டு அறிஞர் அறிவித்தனர். ஆக்ஸிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கோ அதனால் நன்மை காணப்படவில்லை. நோய் தொடங்கிய நாள்களில் அழற்சி வேண்டப்படும் படை. பின்னர் மிகும்போதுதான் அது கலகப்படை. அதனால் காலமறியாது கொடுத்த மருந்து காவலைக் கலைத்துவிடும்.

இவ்விரு மருந்துகளும் கொரோனாவில் உயிர் காத்தன என்பதால் டெங்குவிலும் காக்கும் என்று கருதுதல் பெரும்பிழை. தட்டணு குன்றிக் குருதி கசியும் சிறுவனுக்கு ஹெப்பாரின் தருவது கேட்டை மிகுவிக்கும். டெக்சாமெத்தசோனும் டெங்குவிற்கு வேண்டாவென மருத்துவ நெறிமுறைகள் விலக்குகின்றன. இரண்டு நோயும் காய்ச்சலாகவே தொடங்குகின்றன. தொட்ட கைக்கு இரண்டும் ஒரே சூடு. வேறுபாட்டைக் காட்டுவது குருதிச் சோதனையே. காய்ச்சல் கண்டவுடன் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கும் வழக்கத்தை மருத்துவர் கண்டிப்பது இதனால்தான்.

பண்ணைக்காட்டுச் சிறுவன் இறங்கிச் சென்ற மருத்துவமனையில் அவனுக்கு இரண்டு நாள் உப்புநீர் ஏற்றினர். கசிவு ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு நாளே நீடிப்பது. அவ்வெல்லையைக் கடத்திவிட்டால் படலத்தின் வழிகள் தாமே மூடிக்கொள்ளும். வெளியேறிய நீர் குழாய்க்குத் திரும்பும். அந்நாளில் உப்புநீரை நிறுத்திவிடுவர். ஏழாம் நாள் அவனுக்குப் பசி எடுத்தது. காலில் செந்நிறத் தடிப்புப் பரவி, இடையிடையே வெண்திட்டுகள் தீவுகள் போலத் தோன்றின. அது கண்டு தாய் அஞ்சினாள். மருத்துவரோ தேறுகின்றான் என்பதற்கு அதுவே அடையாளம் என்றார். மச்சை மீண்டும் தொழில் தொடங்க, தட்டணுக்கள் நாளுக்கு நாள் ஏறி, இலட்சத்தைக் கடந்தன.

அட்டையின் உமிழ்நீரில் ஹேகிராப்ட் கண்ட பொருளும் வீண்போகவில்லை. அது திராம்பினைப் பற்றிக்கொண்டு செயலறச் செய்யும் முறையை ஆராய்ந்த வேதியியலார், அதனை முன்மாதிரியாகக் கொண்டு பைவாலிருடின் என்னும் மருந்தைச் செய்தனர். இதயத்தின் குருதிக் குழாயில் அடைப்பு நீக்கும்போது குருதி உறையாமலிருக்க அம்மருந்து இன்று பெரிய மருத்துவமனைகளில் செலுத்தப்படுகிறது. சோலைக்காட்டு அட்டை மழைக்காலந்தோறும் சருகிடையே எழுந்து நிற்கிறது.